நைட் ஷிப்டுக்காரருக்கு நாள் எப்போது முடிகிறது?

ஓட்டப் பயிற்சிக்கான அப்ளிகேஷன்களில் குளிர்காலம் வந்தால் தனி அறிவுரைகள் வரும். கையுறை அணியுங்கள், உறைபனியில் வழுக்காத ஷூ வாங்குங்கள் என்பார்கள். ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் இதைப் படிப்பவருக்குச் சிரிப்புதான் வரும். நமக்கு அக்டோபர் பாதியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கி டிசம்பர் வரை இழுக்கும். அதன் பின் மார்கழிப் பனி. அதிகாலையில் வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டி இருக்கும். மே மாதத்தில் காலை 7 மணிக்கே வியர்த்துக் கொட்டும் ஊரில் இது ஓடுவதற்குக் கிடைக்கும் வரம். ஆனால் பலர் பயிற்சியைக் கைவிடுவது சரியாக இந்தக் காலத்தில்தான். நவம்பரில் நிறுத்துகிறார்கள். பொங்கலுக்குப் பிறகு பார்க்கலாம் என்கிறார்கள். அதற்குள் வெயில் வந்துவிடுகிறது.

மழையும் சோம்பலும் காரணம் என்பது பாதி உண்மை. மீதிப் பழியைக் கையில் கட்டியிருக்கும் வாட்ச் மீதும் பாக்கெட்டில் இருக்கும் போன் மீதும்தான் நான் போடுவேன்.

இந்தச் சாதனங்களில் ‘ஸ்ட்ரீக்’ என்று ஒன்று உண்டு. இடைவெளி இல்லாமல் எத்தனை நாள் இலக்கை முடித்தீர்கள் என்ற கணக்கு அது. 60, 70 என்று எண் ஏறும்போது உற்சாகம் தருகிறது. ஒரு நாள் தவறினால் மீண்டும் சுழியிலிருந்து ஆரம்பம். சரி, அந்த ‘ஒரு நாள்’ எது? நள்ளிரவு 12 முதல் அடுத்த நள்ளிரவு 12 வரை. ஆப்பிள் வாட்ச்சின் வளையங்கள் நள்ளிரவில் காலியாகின்றன. பெரும்பாலான போன்களில் நடை எண்ணிக்கையும் அப்படியே. இரவில் தூங்கிப் பகலில் வேலை செய்பவருக்கு இதில் குறை எதுவும் தெரியாது.

இனி நம் பகுதிக்கு வாருங்கள். இரவு 10 மணிக்கு உள்ளே போய்க் காலை 6 மணிக்கு வெளியே வரும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். திங்கள் இரவு ஷிப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸில் அறைக்கு வந்து, செவ்வாய் காலை 7 மணிக்கு ஓடிவிட்டுத் தூங்குகிறார். இது அவருக்குத் திங்கட்கிழமை ஓட்டம். மறுநாள் விடியலில் மழை என்று தெரிந்ததால், செவ்வாய்க்கான ஓட்டத்தை அன்று மாலை 5 மணிக்கே வேலைக்குப் போகும் முன் முடிக்கிறார். புதன்கிழமைக்கானதை வேலை முடிந்து வியாழன் காலை 7 மணிக்கு ஓடுகிறார். அவர் கணக்கில் மூன்று நாளும் ஓடியாயிற்று. வாட்ச் கணக்கில் செவ்வாய் இரண்டு, புதன் சுழி, வியாழன் ஒன்று. ஸ்ட்ரீக் அறுந்தது!

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் நோக்கியா தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. அது 2014இல் மூடப்பட்டது. இன்று சுங்குவார்சத்திரம் அருகே ஃபாக்ஸ்கானில் ஐபோன்கள் தயாராகின்றன. அங்கு வேலை செய்யும் பெண்களுக்காக வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதியை 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். இத்தனை பேர் ஷிப்டில் கண் விழித்துச் செய்யும் போன், உலகில் எல்லோரும் ராத்திரி தூங்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது.

இது வெறும் எண் விவகாரம் என்று விட்டுவிட முடியவில்லை. செகண்ட் ஷிப்ட் முடித்து இரவு 10 மணிக்கு மேல் வருபவர், 12 மணிக்குள் வளையத்தை மூட வேண்டும் என்று வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் இறங்கினால் என்ன ஆகும்? கன்டெய்னர் லாரிகளும் டிரெய்லர்களும் ஓயாமல் போகும் சாலை அது. மழை பெய்தால் ஓரத்தில் தண்ணீர் தேங்கும், பள்ளம் தெரியாது. டிரைவர் கண்ணாடியில் வைப்பர் ஓடும்போது கறுப்பு டி-ஷர்ட் போட்ட ஆள் அவர் கண்ணுக்குப் படவே மாட்டார். காதில் இயர்போன் வேறு! ஒரு எண்ணைக் காப்பாற்றுவதற்காக அந்த நேரத்தில் அங்கே ஓடுவதை நான் பயிற்சி என்று சொல்ல மாட்டேன். விடுதி வளாகத்துக்குள்ளோ குடியிருப்பின் உள்தெருவிலோ பத்து ரவுண்டு சுற்றினால் போதும்.

தயாரிப்பாளர்களுக்கு விஷயம் கொஞ்சம் புரிந்திருக்கிறது. 2024இல் வந்த வாட்ச் ஓஎஸ் 11இல், ஸ்ட்ரீக் அறுபடாமல் வளையங்களை 90 நாள் வரை நிறுத்தி வைக்கலாம். ஸ்ட்ராவா தன் ஸ்ட்ரீக்கை நாளாக எண்ணாமல் வாரமாக எண்ணுகிறது. வாரத்தில் ஒன்று பதிந்தாலும் கணக்கு தொடரும். இது எனக்குப் பிடித்த முறை. ஆனால் ‘என் நாள் மதியம் 2 மணிக்குத் தொடங்குகிறது’ என்று சொல்ல அந்த வாட்ச்சில் செட்டிங் கிடையாது. இது முடியாத காரியமா என்ன? பாடம் மனப்பாடம் செய்ய உதவும் ஆன்கி என்ற இலவச சாஃப்ட்வேரில், அடுத்த நாள் எத்தனை மணிக்குத் தொடங்க வேண்டும் என்று நாமே குறிப்பிடலாம். மாற்றாமல் விட்டால் அதிகாலை 4 மணி. இலவச புரோகிராமில் இருப்பது, பல ஆயிரம் ரூபாய் வாட்ச்சில் இல்லை.

அதுவரை நம் வீட்டுக் கம்ப்யூட்டரே போதும். எக்ஸெல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கில் ஒரு ஷீட் திறக்கவும். முதல் நெட்டு வரிசையில் ஓட்டம் தொடங்கிய தேதியும் நேரமும் ஒரே செல்லில் இருக்கட்டும். இரண்டாவதில் உங்கள் நாள் தொடங்கும் மணி. நைட் ஷிப்ட் வாரத்தில் 14, பகல் வாரத்தில் 0. எக்ஸெல்லுக்கு ஒரு முழு நாள் என்பது 1 என்ற எண். ஆகவே இரண்டாவது செல்லை 24ஆல் வகுத்து, முதல் செல்லிலிருந்து கழித்து, ‘இன்ட்’ பங்ஷனால் முழு எண்ணை மட்டும் எடுத்து மூன்றாவதில் வைக்கவும். அதற்குத் தேதி பார்மட் கொடுத்தால் அந்த ஓட்டம் எந்த நாளுக்கு உரியது என்று தெரிந்துவிடும். மேலே சொன்ன நண்பரின் மூன்று ஓட்டங்களும் திங்கள், செவ்வாய், புதன் என்று ஒழுங்காக உட்காரும். வாட்ச்சிலிருந்து ஜிபிஎக்ஸ் ஃபைலாக எடுத்தால் மட்டும் ஒரு கவனம் தேவை. அதில் நேரம் உலகப் பொது நேரமாக இருக்கும். 5 மணி 30 நிமிடம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

மழைக்கு, போனில் வரும் மேகப் படத்தை நம்பி நான் முடிவெடுப்பதில்லை. நாள் முழுவதும் அதே மேகம்தான் நிற்கும். சென்னைத் துறைமுகப் பகுதியில் 2002இல் அமைத்த டாப்ளர் ரேடாரின் படத்தை வானிலை ஆய்வு மையத்தின் தளத்தில் பார்க்கலாம். ஸ்ரீபெரும்புதூர் அதன் எல்லைக்குள் நன்றாகவே வருகிறது. அடுத்தடுத்த படங்களைப் பார்த்தால் மழைத் திட்டு கடலிலிருந்து நம் பக்கம் நகர்கிறதா என்று தெரியும். இரண்டு மழைக்கு நடுவில் 40 நிமிடம் கிடைத்தால் போதாதா? தூறலில் ஓடினால் டச் ஸ்கிரீனை நம்ப வேண்டாம். நீர்த்துளியையும் விரல் என்று எண்ணி அதுவே எதையாவது நிறுத்தும். கிளம்பும் முன்பே ஸ்டார்ட் செய்து ஸ்கிரீனை லாக் செய்துவிடவும்.

ஓடக் கூடாத நாட்களும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது இந்தப் பகுதித் தொழிற்சாலைகளே உற்பத்தியை நிறுத்தின. மறுநாள் யாரும் அவற்றைச் சுழியிலிருந்து தொடங்கச் சொல்லவில்லை. அதேபோல் போகி விடியல். 2018 போகியன்று புகைமூட்டத்தால் சென்னையில் விமானங்களே இறங்க முடியவில்லை. அந்தக் காற்றை மூச்சு வாங்க வாங்க உள்ளே இழுப்பானேன்? என் ஷீட்டில் நான்காவது நெட்டு வரிசை இதற்குத்தான். ஓடாத நாளில் அங்கே ‘புயல்’, ‘ஓ.டி.’, ‘போகி’ என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகிறேன்.