வரைந்த கைக்கு உரிய விலை

கோடை விடுமுறை முடிவுறும் வேளையில், ரொறன்ரோ மாநகரில் ஃபேன் எக்ஸ்போ என்னும் பெரும் மாநாடு நடைபெறுவதை மாணவச் செல்வங்கள் நன்கறிவர். 1995ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அம்மாநாட்டிற்குச் சித்திரக்கதை ஓவியர்கள் பலர் வருகின்றனர். பெற்றோராகிய நாமோ அதனை விந்தை உடை அணிந்தோர் கூடும் களியாட்டம் என்றெண்ணி, பிள்ளைகளை வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுகின்றோம். உள்ளே சென்று பார்த்தால் நம் எண்ணம் மாறும்.

மண்டபத்தின் ஒரு பகுதியில் ஓவியர்கள் வரிசையாக மேசையிட்டு அமர்ந்திருப்பர். சித்திரக் கொப்பியுடன் சென்று, விரும்பிய பாத்திரத்தைச் சொல்லிக் கட்டணம் செலுத்தினால், அதனை வரைந்து தருவர். முகம் மட்டுமாயின் ஒரு விலை. முழு உருவமாயின் வேறு விலை. வண்ணம் தீட்டுவதாயின் இன்னும் கூடும். புகழ்பெற்றவரின் பட்டியல் காலையிலேயே நிரம்பிவிடும். ஒரே பாத்திரத்தைப் பல ஓவியர்களைக் கொண்டு வரைவித்து, ஒரே கொப்பியிற் சேர்ப்போரும் உளர். ஒரு முகம் பத்துக் கைகளிற் பத்து விதமாகப் பிறப்பதை அதிற் காணலாம்.

எம்முள் ஒருவர் தம் மகளுடன் அங்கு சென்றார். ஓவியர் ஒருவர் அறுபது டொலர் கேட்டார். “இருபது நிமிட வேலைக்கு அறுபது டொலரா? நாற்பதுக்குத் தரலாகாதா?” என்று தந்தை பேரம் பேசினார். ஓவியர் புன்னகையுடன் மறுத்தார், மகள் தலைகுனிந்தாள். வீடு திரும்பும் வழியில், “அப்பா, பல் வைத்தியரிடமும் நீங்கள் இப்படிக் கேட்பீர்களா?” என்றாள் அவள். தந்தையிடம் மறுமொழி இல்லை. நம்மிடமும் இல்லை.

படம் வரைவது பொழுதுபோக்கு, அதற்கு விலை எதற்கு என்னும் எண்ணம் நம்முள் ஊறிப்போயிற்று. அவ்வெண்ணம் யாரை வருத்தும் என்பதற்கு இந்நகரிலேயே சான்று உண்டு. 1914ஆம் ஆண்டு ரொறன்ரோவிற் பிறந்தவர் ஜோ ஷஸ்டர். நண்பர் ஜெரி சீகல் கதை புனைய, இவர் உருவம் வரையப் பிறந்தவனே சூப்பர்மேன். 1938இல் அப்பாத்திரத்தின் உரிமையை இருவரும் 130 டொலருக்கு விற்றனர். பதிப்பகம் பெருஞ்செல்வம் ஈட்டியது. ஷஸ்டரோ பிற்காலத்திற் பார்வை மங்கி, வறுமையில் வாடினார். பலர் குரல் கொடுத்த பின்னர், 1975இலேயே இருவருக்கும் ஆண்டு உதவித்தொகையும், படைத்தோர் என்ற பெயரும் கிடைத்தன.

நாமும் இதற்கு விலக்கல்லர். 1972இற் சிவகாசியிலிருந்து வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவியை விரும்பிப் படித்தோர் நம்முட் பலர். அம்மாயாவியை வரைந்து புகழ்பெற்றவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசுஸ் பிளாஸ்கோ என்பதை அன்று எத்தனை பேர் அறிந்திருந்தோம்? நம் பிள்ளைகளோ ஓவியரின் பெயரை அறிந்து, வரிசையில் நின்று, அவர் முகம் பார்த்து நன்றி கூறுகின்றனர். இது நாம் பெறாத பேறு.

ஆகவே கேட்டதெல்லாம் வாங்கிக் கொடுங்கள் என்று நாம் கூறவில்லை. பிள்ளைகள் கைச்செலவுப் பணத்தைச் சேமித்து, ஆண்டுக்கு ஓர் ஓவியமேனும் உரிய விலை கொடுத்துப் பெறட்டும். விலை மிகுதியெனில் வணங்கி விலகலாம், பேரம் பேசலாகாது. மாணவர்களும் ஒன்றை மனத்திற் கொள்ள வேண்டும். தாள் உங்களுடையதாயினும், வேறு உடன்பாடு இல்லையெனில், பதிப்புரிமை ஓவியருக்கே உரியது. அவரது இசைவின்றி அதனைச் சட்டையில் அச்சிட்டு விற்றல் தகாது.

இறுதியாக, நம் வீட்டுக் குறை ஒன்று. விழா மலருக்கும் மேடைத் திரைக்கும், “தம்பி, சும்மா ஒரு படம் கீறித் தாரும்” என்று நம் இளைஞர்களைக் கேட்பது நம் வழக்கம். அச்சகத்தாருக்கும் மண்டபத்தாருக்கும் பணம் கொடுக்கின்றோம். வரைந்தவருக்குப் பெயர்கூட இடுவதில்லை. வருகின்ற ஆண்டு முதல், வரைந்தவரின் பெயரை மலரில் அச்சிட்டு, இயன்ற சன்மானத்தையும் மேடையில் வழங்குவோமாக. தமிழை வளர்க்கக் கூடும் நாம், தமிழ்ப் பிள்ளையின் கைத்திறனையும் மதித்தல் கடன்.