கண்ணாடி வேண்டாம், இடைவேளை தாருங்கள்

கணினித் திரையைப் பார்த்துப் பார்த்துக் கண் எரிகிறது என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். "நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி வாங்கிப் போடுங்கள்" என்ற உபதேசம் உடனே வந்துவிடும். ஆசிரிய பீடத்தில் திரையின் முன்னே பல்லாண்டுகளைக் கழித்தவன் என்ற வகையில், இதைக் கேட்கும்போது எனக்குக் கோபந்தான் வருகிறது.

திரை பற்றிய பயம் புதிதன்று. அதை முதலில் அனுபவித்தவர்களும் பத்திரிகைக்காரர்களே. 1970களின் பிற்பகுதியில், நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையின் இளம் துணை ஆசிரியர்கள் இருவருக்குக் கண்புரை ஏற்பட்டது. திரையின் கதிர்வீச்சே காரணம் எனச் சந்தேகம் எழுந்தது. அளந்து பார்த்தபோது அத்தகைய கேடு விளைவிக்கும் கதிர்வீச்சு காணப்படவில்லை. பின்னர் கருச்சிதைவு அச்சம் கிளம்பியது. அமெரிக்கத் தொலைபேசி நிலையப் பெண் ஊழியர்களை ஆராய்ந்து 1991இல் வெளியான ஆய்வு, திரையில் வேலை செய்தவர்களுக்கு அந்த ஆபத்து அதிகரிக்கவில்லை என்றது. ஆனாலும், பழைய குண்டுத் திரைகளின் முன்னால் மாட்டும் 'கதிர்வீச்சுத் தடுப்புகள்' விற்றுக்கொண்டேயிருந்தன. (அவை கூச்சத்தைச் சற்றுக் குறைத்தன என்பதை மறுப்பதற்கில்லை.)

இப்போது விற்பது நீல ஒளி. 17 பரிசோதனைகளைத் தொகுத்து 2023இல் வெளிவந்த கொக்ரேன் மதிப்பாய்வோ, இந்த வில்லைகள் சாதாரண வில்லைகளைவிடக் கண் சோர்வைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்கிறது.

அப்படியானால் கண் ஏன் எரிகிறது? நாம் இமைக்க மறக்கிறோம். ஜப்பானிய மருத்துவர்கள் 1993இல் எண்ணிச் சொன்னார்கள்: ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 22 தடவை இமைக்கும் கண், புத்தகம் வாசிக்கையில் 10 தடவையும் திரையைப் பார்க்கையில் 7 தடவையுமே இமைக்கிறது. கண்ணீர்ப் படலம் உலர்கிறது. திரையை உயரத்தில் வைத்தால் இமை அகலத் திறந்து இன்னும் மோசமாகும். ஒரே தூரத்தில் மணிக்கணக்காகப் பார்வையைக் குவித்திருக்கும் தசைகளும் களைத்துப்போகின்றன.

இதற்கு வேண்டியது இடைவேளை. அது முதலாளி தரவேண்டியது. 1990இல் ஐரோப்பிய சமூகம் பிறப்பித்த பணிப்புரை, திரை வேலை இடையிடையே நிறுத்தப்பட வேண்டும் என்றும், கண் பரிசோதனையின் செலவு தொழிலாளியின் தலையில் விழக்கூடாது என்றும் விதித்தது. பிரித்தானியா 1992இல் அதைச் சட்டவிதியாக்கியது.

நான் பணிபுரிந்த ஒரு பத்திரிகையில், பக்க வடிவமைப்புப் பிள்ளைகள் மணிக்கு ஐந்து நிமிடம் எழுந்துபோக அனுமதி கேட்டார்கள். நிர்வாகம் கண்ணாடி வாங்கச் சொன்னது. அவர்கள் சொந்தச் சம்பளத்தில் வாங்கினார்கள். அந்த ஐந்து நிமிடம் மட்டும் கடைசிவரை கிடைக்கவேயில்லை.