உள்ளே போனால் பொருந்தியதாகிவிடுமா?

அமெரிக்கத் துப்பாக்கி விமர்சனங்களைப் பார்த்தால் ஒரே கேள்விதான்: குளொக் 19ஆ, சிக் சோவர் பி320ஆ? பிறகு வேறு கம்பனிகளின் உதிரிப்பாகங்களைக் கொண்டுவந்து மேசையில பரப்பி, "எல்லாம் பொருந்தும்" எண்டு முடிப்பினம். அந்த ஒரு சொல்லோடதான் எனக்குச் சண்டை.

குளொக் 17இன் மகசின் சின்னவனான 19இல போகும். கீழே கொஞ்சம் நீட்டிக்கொண்டு நிக்கும், ஆனா வேலை செய்யும். 19இன்ர மகசின் 17இல எட்டாது. மூன்றாம் தலைமுறைக்கு ஒற்றைச் சுருள்வில், 2010இல் வந்த நாலாம் தலைமுறைக்கு இரட்டை. ஒண்டின்ர வில்லை மற்றதில அப்படியே போட ஏலாது. தலைமுறையைச் சொல்லாமல் "குளொக்குக்குப் பொருந்தும்" எண்டால் அது கடைக்காரன் கதை, விமர்சனம் இல்லை.

பி320இன் கதை இன்னும் மோசம். 2017 ஜனவரியில் அமெரிக்க இராணுவம் இந்த வகையைத் தெரிவுசெய்தது. அதே ஆண்டு ஓகஸ்டில், சில கோணங்களில் கீழே விழுந்தால் தானாகச் சுடும் எண்டு சோதனைகள் காட்டின. நிறுவனம் செய்த திருத்தத்தில ஒரு பகுதி என்ன தெரியுமா? விசையின்ர எடையைக் குறைத்தது. அவ்வளவு சின்ன விசயத்தில உயிர் தொங்குது. இதுக்குப் பிறகும் பளபளக்கிற விசையொண்டை "அழகுக்கு" மாத்தலாம் எண்டு சொல்ல எப்படி மனம் வருது?

எல்லா மாற்றமும் பிழை எண்டு நான் சொல்லேல்ல. சின்னக் கைக்காரருக்குச் சின்னப் பிடி வேணும். பி320இல பிடியை மாத்தக்கூடியது நல்ல யோசனைதான். ஆனால் பிடி வேற, விசை வேற.

இன்னொரு பக்கமும் இருக்கு. 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அங்கே சட்டம் "துப்பாக்கி" எண்டு பார்க்கிறது இலக்கம் பொறித்த சட்டகத்தைத்தான். பி320இல அது பிடிக்குள்ள இருக்கிற விசைத்தொகுதி. மிச்சமெல்லாம் பின்புலச் சோதனை இல்லாமலே தபாலில வரும். அரைகுறைச் சட்டகங்களைப் பொதியாக வித்தவையள், பிரபலமான குளொக் பாகங்கள் அதில பொருந்தும் எண்டதைக் காட்டித்தான் வித்தவை. இலக்கமே இல்லாத "பேய்த் துப்பாக்கி" பிறந்தது இப்படித்தான். 2022இல் கொண்டுவந்த கட்டுப்பாட்டை 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் 7க்கு 2 எண்டு உறுதிசெய்ய வேண்டி வந்தது. ஆகவே "பொருந்தும்" எண்டது வெறும் தொழில்நுட்பச் சொல் இல்லை.

விமர்சகர்களே, மூன்று கேள்விக்குப் பதில் சொல்லுங்கோ. எந்தத் தலைமுறையில போட்டியள்? போட்ட பிறகு எத்தனை தரம் சுட்டுப் பார்த்தியள்? விழுந்தால் என்ன நடக்கும் எண்டு யார் சோதிச்சது? பதில் இல்லையெண்டால் நீங்கள் செய்தது விளம்பரம். கைபேசி உறை பொருந்தாட்டில் கழட்டி எறியலாம். இது பொருந்தாட்டில் பக்கத்து அறையில நித்திரை கொள்ளுற பிள்ளைக்குத்தான் முதலில தெரியவரும்.