ஓடும் படத்தில் ஒரு படம்!
நெய்வேலி வயல் தரும் பாடம்

பச்சை நெற்பயிர். அதன்மேல் இரும்பு எந்திரம். மண் புரளுகிறது, பயிர் மடிகிறது.

2023-ம் ஆண்டு ஜூலை 26-ந் தேதி, நெய்வேலி சுரங்கப் பகுதியைச் சேர்ந்த வளையமாதேவியில் கண்ட காட்சி இது. பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டுவதற்காக, பயிர் நின்ற வயலில் நிலக்கரி நிறுவனம் எந்திரங்களை இறக்கியது. டெலிவிஷனிலும் செல்போனிலும் அந்த வீடியோவை ஊரெல்லாம் பார்த்தது. சென்னை ஐகோர்ட்டு நீதிபதி தண்டபாணியும் தம் வேதனையை வெளியிட்டார்.

பத்திரிகைத் தாளில் வீடியோ ஓடாது. அதிலிருந்து ஒரு படத்தை எடுத்துத்தான் அச்சிட வேண்டும். எந்தப் படத்தை எடுப்பது? எப்படி எடுப்பது?

வினாடிக்கு 25

வீடியோ ஓடுவதுபோல் தோன்றுகிறது. உண்மையில் அது நின்ற படங்களின் வரிசை. நம் நாட்டு டெலிவிஷனில் வினாடிக்கு 25 படங்கள். ஒரு நிமிடத்தில் 1,500 படங்கள்! அவற்றில் பல மங்கலாக இருக்கும். ஓடும்போது கண்ணுக்குத் தெரியாத மங்கல், நிறுத்தியதும் தெரிந்துவிடும்.

புள்ளிக் கணக்கு

நல்ல தாளில் அச்சிட, ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும். பழைய டெலிவிஷன் படத்தின் அகலம் 720 புள்ளிகள். அச்சில் அது 2.4 அங்குலம்தான். தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிது! இப்போதைய வீடியோவில் 1,920 புள்ளிகள், அது 6.4 அங்குலம் வரும். அதற்கு மேல் இழுத்தால் படம் கட்டம் கட்டமாகிவிடும். செல்போனில் பலர் கைமாறி வரும் வீடியோவோ சுருங்கிச் சுருங்கித் தெளிவை இழந்திருக்கும்.

பழைய வீடியோவில் இன்னொரு தொல்லை. ஒரே படத்தை இரண்டு பாதியாகப் பிடிப்பார்கள். இரண்டுக்கும் இடையே வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம். அதற்குள் எந்திரம் நகர்ந்துவிடும்! அதனால் ஓரமெல்லாம் சீப்புப் பல்போலத் தெரியும். ஒரு பாதியை நீக்கிச் சரிசெய்யலாம், தெளிவு குறையும்.

இடம் மாறிய படங்கள்

தெளிவு மட்டும் போதுமா? போதாது.

1963 நவம்பர் 22-ந் தேதி அமெரிக்க ஜனாதிபதி கென்னடி சுடப்பட்டார். சப்ரூடர் என்ற ஆடை வியாபாரி அதைச் சினிமாக் காமிராவில் பிடித்தார். 26 வினாடி, 486 படங்கள். விசாரணைக் கமிஷன் அவற்றை அச்சிட்டபோது 314-வது படமும் 315-வது படமும் இடம் மாறிவிட்டன. தலை எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதே மாறித் தெரிந்தது! அச்சுப் பிழை என்று பிறகு விளக்கம் கூறினார்கள். ஆனாலும் சந்தேகம் வளர்ந்தது.

படம் சொல்லாதது

வளையமாதேவிக்கும் இது பொருந்தும். எந்திரமும் பயிரும் உள்ள படம் உழவனின் துயரத்தைக் காட்டும். நிலத்தை முன்பே எடுத்துவிட்டதாக நிறுவனம் கூறியதைக் காட்டாது. கொடுத்த பணம் போதாது என்று விவசாயிகள் கூறியதையும் காட்டாது. இரண்டையும் படத்தின் கீழே எழுத வேண்டும். பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் வழங்கும்படி ஐகோர்ட்டு பின்னர் உத்தரவிட்டது.

அழிக்காதீர்கள்!

வயலில் நடந்ததைப் படம் பிடிப்பவர் பலர், ஒரு படத்தை எடுத்துக்கொண்டு வீடியோவை அழித்துவிடுகிறார்கள். இது பெருந்தவறு. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவு, இத்தகைய பதிவுகளுக்குச் சான்றிதழ் கேட்கிறது. மூல வீடியோ கையில் இருந்தால் முன்னும் பின்னும் நடந்ததைக் காட்டலாம். வழக்கு வந்தால் நஷ்ட ஈடு கேட்கும் ஏழைக்கு அதுவே துணை.

படத்தைப் பார்ப்பவர்களும் மூன்று கேள்வி கேட்க வேண்டும். எங்கே எடுத்தது? எப்போது எடுத்தது? யாருடைய வீடியோ? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத படத்தை நம்பி, யார் மீதும் கோபப்பட வேண்டாம்.