ஆயிரம் ரூபாய் எங்கே போயிற்று?

2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை விதித்த 1,000 ரூபாய் நாட்சம்பளம் அன்று ஏறத்தாழ 5 டொலர் பெறும். மறு ஆண்டு மார்ச்சில் மத்திய வங்கி ரூபாயை மிதக்கவிட்டது. மே மாதத்தில் ஒரு டொலர் 360 ரூபாயாயிற்று. தொழிலாளியின் சம்பளத்தில் எவரும் ஒரு சதமும் வெட்டவில்லை. ஆயினும் அது 3 டொலருக்கும் கீழே சென்றுவிட்டது!

நுவரெலியாவிலும் ஹற்றனிலும் பறித்த கொழுந்தின் கதை வேறு. கொழும்பு ஏலத்தில் தேயிலையின் சராசரி விலை 2022இல் ஏறத்தாழ இரு மடங்காயிற்று. ஏனெனில் அதை வாங்குவது அந்நியரின் டொலர். உரமும் எரிபொருளும் விலையேறின என்று கம்பெனிகள் கூறுவது பொய்யன்று. லயத்து அடுப்புக்கு வந்த கோதுமை மா மட்டும் மலிவாகவா கிடைத்தது?

2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாயாக உயர்ந்தது. டொலரோ அப்போது 300 ரூபாய். நாலரை டொலர்தான், 2021இன் நிலைகூட மீளவில்லை.

தொழிலாளியின் ஒரே முதலீடான ஊழியர் சேமலாப நிதியோ, பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கிய 2022ஆம் ஆண்டுக்கு 9 சதவீத வட்டியே வழங்கியது.

அடுத்த பேச்சுவார்த்தையில் தொழிற்சங்கத் தலைவர்கள் வெறும் தொகையைக் கேட்க வேண்டாம். ரூபாய் இறங்குந்தோறும் சம்பளம் தானே ஏறும் விதியைச் சட்டத்தில் எழுதுமாறு கேட்கட்டும்.