பிணத்தின் மீது ஒரு தீர்ப்பு

கிறிஸ்து செய்துகொண்டதும் தற்கொலைதான் என்று சொல்வது நம் வட்டத்தில் ஒரு மேதாவித்தனமாக உலவிக்கொண்டிருக்கிறது. சொல்பவர்களில் பலர் சுவிசேஷங்களைப் படித்தவர்கள் அல்ல. படித்து மறுத்தவர்களும் அல்ல. போர்ஹே வழியாகச் சரக்கு வந்து இறங்கியிருக்கிறது. 1952இல் வெளியான கட்டுரைத் தொகுதி ஒன்றில் ஜான் டன்னின் 'பயத்தனாட்டோஸ்' பற்றி போர்ஹே சில பக்கங்கள் எழுதியிருக்கிறார். கிறிஸ்துவும் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார் என்பதுதான் டன் அந்த நூலில் ஒளித்துவைத்த செய்தி என்பது அவருடைய ஊகம். ஊகத்தைப் பிடித்துக்கொண்டவர்கள் டன்னை விட்டுவிட்டார்கள்.

டன் அந்த நூலை ஏறத்தாழ 1608இல் எழுதினார். அப்போது அவர் உத்தியோகம் இல்லாத, குடும்ப பாரம் மிகுந்த மனிதர். சாவை நோக்கிய சாய்வு தனக்கே உண்டு என்பதை முன்னுரையில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். 1615இல் குருவானார். பிரதியை ஒரு நண்பரிடம் கொடுத்தபோது அச்சிடவும் வேண்டாம், எரிக்கவும் வேண்டாம் என்றார். 1631இல் அவர் இறந்து, 1647இல்தான் மகன் அதை அச்சில் கொண்டுவந்தார். தற்கொலை எல்லாச் சந்தர்ப்பத்திலும் தவறாமல் பாவம்தானா என்பதே நூலின் கேள்வி. கூண்டில் நிற்கும் ஒருவனுக்காக, அந்த ஒருவன் தானாகவும் இருக்கக்கூடும் என்ற பயத்தோடு, டன் வாதாடினார். கிறிஸ்துவையும் சிம்சோனையும் அவர் சாட்சிக்கு அழைத்தது தண்டனையைக் குறைப்பதற்காக. நம்மவர்களோ அதையே காப்பிக் கடையில் வீசும் வாக்கியமாக்கிவிட்டார்கள்.

அந்த வாக்கியம் பொய். கெத்செமனே தோட்டத்தில் இந்தக் கிண்ணம் தன்னை விட்டு நீங்கக்கூடாதா என்று மன்றாடிய மனிதனுக்குச் சாவின் மீது ஆசை இல்லை. தப்பி ஓடலாம், ஓடவில்லை. தான் சொன்னதை வாபஸ் வாங்கலாம், வாங்கவில்லை. கொன்றவர்கள் வேறு ஆட்கள், அவர்களுக்குப் பெயரும் பதவியும் உண்டு. சாவைத் தேடிப் போவதற்கும், சாவு வரும் என்று தெரிந்தும் நிற்கும் இடத்தை விட்டு நகராமல் இருப்பதற்கும் இடையே உள்ள வித்தியாசம் மெல்லியதுதான். மெல்லியது என்பதற்காக இல்லை என்று ஆகிவிடாது. பிலாத்துவின் கையைக் கழுவிவிட அவனே போதும். நாம் தண்ணீர் ஊற்றவேண்டியதில்லை.

இவ்வளவு சொன்னதும் திருச்சபையின் ஆட்கள் திருப்தியோடு தலையாட்டுவார்கள். அவர்களிடம்தான் எனக்கு அதிக வழக்கு இருக்கிறது.

தற்கொலை பாவம் என்று நேராகச் சொல்லும் வசனம் பைபிளில் இல்லை. தோற்ற சவுல் தன் வாளின் மேலேயே விழுகிறான். யாபேஸ் ஊரார் அவன் எலும்புகளைப் புதைத்து ஏழு நாள் உபவாசம் இருக்கிறார்கள். தாவீதுக்குத் துரோகம் செய்த அகித்தோப்பேல் தன்னை முடித்துக்கொள்கிறான். அவனைத் தகப்பன் கல்லறையிலேயே வைக்கிறார்கள். துரோகிக்குக்கூட மதிலுக்கு வெளியே இடம் தேடவில்லை. யூதாஸ் மனம் கசந்து, முப்பது வெள்ளிக்காசைத் திருப்பி எறிந்துவிட்டுப் போய் உயிர்விடுகிறான். மத்தேயு அதைச் சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறார். காட்டிக்கொடுத்ததைவிட நம்பிக்கை இழந்ததே பெரிய பாவம் என்ற கணக்கெல்லாம் பின்னால் வந்தவர்கள் போட்டது.

கணக்கைத் திட்டமாகப் போட்டவர் அகஸ்டின். எந்த நெருக்கடியில் போட்டார் என்பதைப் பார்க்கவேண்டும். 410இல் அலாரிக்கின் படை ரோமில் புகுந்தது. கிறிஸ்தவப் பெண்கள் பலாத்காரம் செய்யப்பட்டார்கள். சிலர் உயிரை விட்டார்கள். உயிரோடிருந்தவர்களைப் பார்த்து, லுக்ரீஷியாவைப் போல ஏன் சாகவில்லை என்று கேட்க ஊர் தயாராக இருந்தது. 'தேவ நகரம்' நூலின் முதல் புத்தகத்தில் அகஸ்டின் இதற்குப் பதில் சொல்கிறார். கற்பு சம்மதத்தில் இருக்கிறது, உடம்பில் அல்ல. அடுத்தவன் செய்த குற்றத்துக்காக ஒரு பெண் தன்னைக் கொல்லவேண்டியதில்லை. ஐந்தாம் நூற்றாண்டில் இதைச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும். பெண்ணை எரித்தும் கிணற்றில் தள்ளியும் கற்பைக் காப்பாற்றியவர்கள் இதைப் படித்து வெட்கப்படவேண்டும். தற்கொலைக்கு எதிரான கிறிஸ்தவச் சட்டம், அதன் பிறப்பில், உயிரோடிருப்பவளுக்குச் சொன்ன ஆறுதல்.

ஆனால் அதே கையோடு அகஸ்டின் செத்தவளையும் கூண்டில் ஏற்றிவிட்டார். லுக்ரீஷியா குற்றவாளி என்றால் புகழ் எதற்கு, குற்றமற்றவள் என்றால் சாவு எதற்கு என்று குறுக்கு விசாரணை செய்கிறார். தர்க்கம் அழகாக இருக்கிறது. இழிவும் வலியும் தாங்காத ஒருத்தி தர்க்கப்படி சாகவில்லை என்பதுதான் அவருக்குத் தட்டுப்படவில்லை. பிறகு சங்கடம் வருகிறது. மண்டபத்தைத் தன் மேலும் எதிரிகள் மேலும் சாய்த்துக்கொண்ட சிம்சோனை என்ன செய்வது? துன்புறுத்தல் காலத்தில் மானத்துக்காக ஆற்றில் இறங்கிச் செத்து, புனிதைகளாக வணங்கப்படும் பெண்களை என்ன செய்வது? அவர்களுக்கு ஆண்டவனிடமிருந்து தனிக் கட்டளை வந்திருக்கலாம் என்கிறார். வீரனுக்கும் புனிதைக்கும் இரகசியக் கட்டளை உண்டு. பெயர் தெரியாதவர்களுக்குக் கட்டளை வருவதில்லை. திருச்சபையின் பிற்காலக் கொடுமை முழுவதற்கும் இந்த ஓட்டைதான் வாசல்.

வாசல் திறந்ததும் ஸ்தாபனம் உள்ளே நுழைந்தது. ஆறாம் நூற்றாண்டில் பிராகாவில் கூடிய சங்கம் தற்கொலை செய்தவர்களுக்கு அடக்கச் சடங்கின் மரியாதைகளை மறுத்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அக்வினாஸ் மூன்று காரணங்களை வரிசைப்படுத்தினார்: இயல்புக்கும் தன்மேல் காட்டவேண்டிய அன்புக்கும் எதிர், சமூகத்துக்கு இழைக்கும் தீங்கு, உயிர் கொடுத்த கடவுளின் அதிகாரத்தில் கைவைப்பது. இங்கிலாந்தில் அப்பிணங்களை நாற்சந்தியில் முளையடித்துப் புதைக்கும் வழக்கத்தை 1823இல்தான் சட்டம் நிறுத்தியது. செயலே குற்றமல்ல என்று ஆனது 1961இல். அந்த நிழல் நம் மீதும் விழுந்தது. 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டம் 309ஆம் பிரிவில், சாக முயன்று பிழைத்தவனுக்கு ஒரு வருஷம் வரை சிறை வைத்தது. அந்தப் பொதுப் பிரிவு இல்லாத புதிய சட்டம் 2024 ஜூலை முதல் தேதிதான் அமலுக்கு வந்தது. வாழவேண்டும் என்று பெண்களுக்குச் சொன்ன ஆறுதல் எங்கே போய் முடிந்தது, பாருங்கள்.

ஒரு கல்லறைத் தோட்டத்தில் நான் கண்டதையும் சொல்லவேண்டும். ஓர் இளம்பெண்ணின் சவப்பெட்டி மதில் ஓரத்துப் புதருக்குப் பக்கத்தில் இறக்கப்பட்டது. மணி அடிக்கவில்லை, பூசை இல்லை. தாய் பங்குச் சாமியாரிடம் போய் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்: "அவளுக்குத் தாங்க முடியலே சாமி." அவர் சட்டம் என்றார். 1917இன் திருச்சபைச் சட்டத்தொகுப்பு தெரிந்தே தற்கொலை செய்தவர்களுக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது உண்மை. 1983இன் தொகுப்பு அவர்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. நான் சொல்லும் அடக்கம் அதற்கு வெகுகாலம் பின்னால் நடந்தது. ரோமில் அடித்த வரி எங்கள் பக்கத்து மதிலில் அடிபடவில்லை. அந்தத் தாய் சொன்ன வாக்கியத்தில் அகஸ்டினுக்கும் அக்வினாஸுக்கும் தெரியாத ஒன்று இருந்தது.

என் வாதத்துக்கு வருகிறேன். இந்த விஷயத்தில் திருச்சபையின் கடுமைக்காரர்களும் நம் நவீனத்துவ நண்பர்களும் எதிரெதிர் அணி என்று நினைப்பது தவறு. இருவரும் ஒரே பிழையைச் செய்கிறார்கள். இருவருக்கும் தற்கொலை ஒரு கருத்து. ஒரு சுதந்திர மனிதன் உலகத்தைப் பார்த்துச் சொன்ன வாக்கியம். செஸ்டர்டனை எடுத்துக்கொள்ளுங்கள். 1908இல் எழுதிய 'ஆர்த்தடாக்ஸி'யில், தனக்கு வெளியே ஒன்றை நேசித்து உயிரை மறந்தவன் இரத்தசாட்சி, வெளியே எதையுமே நேசிக்காதவன் தற்கொலையாளன் என்று பிரிக்கிறார். தன்னைக் கொல்பவன் உலகத்தையே கொல்கிறான் என்று கோபப்படுகிறார். நாற்சந்திக் குழியிலும் முளையிலும்கூட அவருக்கு அர்த்தம் தெரிகிறது. பாகுபாடு கருத்தளவில் சரி. மனிதர் அளவில் பச்சைப் பொய். மதில் ஓரத்தில் புதைக்கப்பட்டவள் உலகத்தை வெறுக்கவில்லை. அவளால் தாங்க முடியவில்லை.

செஸ்டர்டன் சபித்த அதே கற்பனை மனிதனைத்தான் நம் நண்பர்கள் கும்பிடுகிறார்கள். அவர்களுக்கு கிரிலோவ் வேண்டும்: கடவுள் இல்லை என்றால் நானே கடவுள், அதை நிரூபிக்கச் சாகிறேன் என்பவன். கவிஞன் ஒருவன் செத்தால் அவன் கவிதைகளுக்குக் கடைசி வரி கிடைத்ததுபோல் இரங்கல் எழுதுகிறார்கள். இவர்கள் தாஸ்தாயெவ்ஸ்கியைக் கடைசி வரை படிக்கவேண்டும். கிரிலோவின் சாவு கம்பீரமாக இல்லை, அருவருப்பாக இருக்கிறது. ஒரு கொலையை மறைக்க பியோத்தர் வெர்ஹோவென்ஸ்கி அவனிடமிருந்து பொய் வாக்குமூலம் எழுதி வாங்கிக்கொள்கிறான். மாபெரும் சுயேச்சையின் பிரகடனம் கடைசியில் ஓர் அயோக்கியனுக்குத் தேவைப்பட்ட கையெழுத்தாக முடிகிறது. இதை எழுதியவர் ஒரு கிறிஸ்தவர் என்பது தற்செயல் அல்ல.

அப்படியானால் தியாகத்துக்கும் தற்கொலைக்கும் கோடே இல்லையா? உண்டு. அதைப் பிணத்தின் மேல் போட முடியாது என்பதே நான் சொல்வது. இரண்டு பட்டினிகளைப் பாருங்கள். 1941இல் ஆஷ்விட்ஸில் பட்டினிச் சாவுக்குப் பொறுக்கப்பட்ட பத்துப் பேரில் ஒருவனுக்குப் பதிலாகத் தன்னை எடுத்துக்கொள்ளச் சொன்னார் மாக்ஸிமிலியன் கோல்பே என்ற பிரான்சிஸ்கன் குரு. இரண்டு வாரம் தாண்டியும் உயிர் இருந்ததால் ஆகஸ்ட் 14 அன்று ஊசி போட்டுக் கொன்றார்கள். 1943 ஆகஸ்ட் 24 அன்று இங்கிலாந்தில் ஆஷ்ஃபோர்டில் சிமோன் வெய்ல் இறந்தார், வயது 34. காசநோயாளி, ஆக்கிரமிக்கப்பட்ட பிரான்ஸில் ஜனங்களுக்குக் கிடைப்பதற்கு மேல் உண்ணமாட்டேன் என்றிருந்தவர். மனநிலை பிறழ்ந்து, உண்ண மறுத்துத் தன்னைக் கொன்றுகொண்டார் என்று விசாரணை அதிகாரி எழுதினார்.

கோல்பேயால் ஒருவன் பிழைத்தான். 1982இல் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கியபோது அவன் அங்கே நேரில் இருந்தான். வெய்லின் பட்டினியால் பிரான்ஸில் ஒருவருக்கும் ஒரு துண்டு ரொட்டிகூடக் கூடுதலாகக் கிடைக்கவில்லை. இந்த வித்தியாசத்தை மழுப்பக்கூடாது. அவருடைய சாவை அழகு என்று நான் சொல்லமாட்டேன். அவர் உண்டிருக்கவேண்டும், நமக்கு இன்னும் எழுதியிருக்கவேண்டும். ஆனால் அந்த அதிகாரியின் இரண்டு வரி அவர் நெஞ்சில் இருந்ததை அறிந்தது என்றும் சொல்லமாட்டேன். கோல்பே விஷயத்திலேயே ரோம் தடுமாறியது. 1971இல் அருளாளர் பட்டம் தந்தபோது மறைசாட்சி என்று சொல்லவில்லை, 1982இல் சொன்னது. 2017இல் போப் பிரான்சிஸ், அன்பினால் உயிரைக் கையளித்தவர்களுக்கென்று புனிதர் பட்டத்துக்கு ஒரு தனி வழியே திறந்தார். கோட்டின் மேல் ஸ்தாபனமே இன்னும் கை வைத்து அழித்து எழுதிக்கொண்டிருக்கிறது. 1992இன் மறைக்கல்வி நூலில் தற்கொலை கனமான தவறுதான். ஆனால் கடும் மனவேதனையும் அச்சமும் பொறுப்பைக் குறைக்கும் என்கிறது, அவர்களுடைய மீட்பில் நம்பிக்கை இழக்கவேண்டாம் என்கிறது. தாய் சொன்ன வாக்கியத்துக்கு வந்து சேர ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. வந்து சேர்ந்தவர்கள் அதுவரை மதிலுக்கு வெளியே கிடந்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை வருந்தியிருக்கலாம்.

கவிஞர்கள் கொஞ்சம் முன்னாலேயே சங்கடப்பட்டார்கள். தாந்தே தற்கொலை செய்தவர்களை நரகத்தில் முள்மரங்களாக்கினார். கிளையை ஒடித்தால் இரத்தமும் பேச்சும் ஒன்றாக வரும். ஆனால் அதே தாந்தே, அகஸ்டின் கண்டித்த கேட்டோவை, தன் கையால் செத்த அஞ்ஞானியை, உத்தரிக்கிற ஸ்தலத்தின் காவலனாக நிறுத்தினார். தத்துவம் மூடிய கதவைக் கவிதை ஒரு விரல் அளவுக்குத் திறந்து வைத்தது. அவ்வளவாவது நம் எழுத்தும் செய்யலாம். நம் மொழியிலேயே தீர்ப்பு உட்கார்ந்திருக்கிறது. 'தற்கொலை' என்ற சொல்லுக்குள் கொலை இருக்கிறது, 'இரத்தசாட்சி' என்ற சொல்லுக்குள் சாட்சி இருக்கிறது. ஒருவனைக் குற்றவாளியாகவும் மற்றவனை நீதிமன்றத்துக்கு வேண்டியவனாகவும் சொல்லே பிரித்துவிடுகிறது. எழுதுகிறவன் அந்தச் சொற்களைக் கையில் எடுக்கும்போது எடை தெரிந்து எடுக்கவேண்டும்.

பிரான்ஸில் வெஸலே என்ற ஊரின் மகதலா மரியாள் கோயிலில், பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தூண் ஒன்றின் தலையில் ஒரு சிற்பம். ஒரு பக்கம் யூதாஸ் தொங்குகிறான். மறுபக்கம் ஒரு மனிதன் அவன் உடலைத் தோளில் போட்டுத் தூக்கிப் போகிறான். அது நல்ல மேய்ப்பன்தான் என்று வாசிப்பவர்கள் உண்டு. கல்லில் பெயர் இல்லை. அதைச் செதுக்கியவனுக்குச் சட்டம் தெரியாமல் இருந்திருக்காது. எங்கள் பக்கத்துச் சாமியாருக்கும் கிரிலோவ் பக்தர்களுக்கும் ஒரே பதிலாக அதைத்தான் நான் காட்டுவேன். தூக்கிப் போகிறவன் பிணத்தைக் கேள்வி கேட்கவில்லை. அதைப் புகழவும் இல்லை. பாரத்தால் அவன் முதுகு வளைந்திருக்கிறது.