முதலாளிகள் அமர்த்திய நீதிபதி

விளையாட்டு என்றதும் நம் நினைவுக்கு வருபவர்கள் ஆடுவோரும், விசில் ஊதும் நடுவரும், கைதட்டும் கூட்டமும்தாம். களத்தில் இறங்காமலே ஓர் ஆட்டத்தின் தலைவிதியை எழுதுகிற மனிதர் ஒருவர் இருக்கிறார் என்பதை நம்மில் பலர் அறியோம். அமெரிக்க நாட்டில் அவருக்குக் கமிஷனர் என்று பெயர். கமிஷனர் என்றால் நமக்குப் போலீஸ் கமிஷனர்தான் கண்முன் நிற்பார்; இவர் வேறு. பேஸ்பால், கூடைப்பந்து, அமெரிக்கக் கால்பந்து ஆகியவற்றைத் தொழிலாகவே ஆடும் குழுக்கள் ஒன்றுகூடி நடத்தும் அமைப்பு லீக் எனப்படும். அந்த லீக்கின் உச்சியில் அமர்ந்து, ஒழுங்கு வகுத்து, குற்றம் விசாரித்து, தண்டனையும் தருபவரே கமிஷனர். 2008-ஆம் ஆண்டு நம் நாட்டில் ஐ.பி.எல். கிரிக்கெட் தொடங்கியபோது இந்தப் பதவிப் பெயரும் கூடவே கப்பலேறி வந்தது.

இவருக்குச் சம்பளம் கொடுப்பவர் யார்? குழுக்களை விலைக்கு வாங்கி வைத்திருக்கும் முதலாளிகள். அமர்த்துவோரும் அவர்களே, அனுப்பி வைப்போரும் அவர்களே. ஆனால் தவறு செய்தால் அந்த முதலாளிகளையும் தட்டிக்கேட்க வேண்டியவர் இவர். படியளக்கும் கையையே பிடித்து நிறுத்த வேண்டிய இந்த விந்தையான பதவியில் அமர்ந்தவர்களின் பெயர் பின்னாளில் எப்படி நிற்கிறது? லீக் எத்தனை கோடி டாலர் சம்பாதித்தது என்று கணக்குப் பார்த்துச் சொல்வோர் பலர். எங்கள் எண்ணம் வேறு. முதலாளிகளின் விருப்பம் ஒருபுறமும் நியாயம் மறுபுறமும் நின்ற நாளில் அவர் எப்புறம் நின்றார் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

இந்தப் பதவி பிறந்த கதையே ஒரு மோசடியில் தொடங்குகிறது. 1919-ஆம் ஆண்டு பேஸ்பாலின் பெரிய போட்டியாகிய வேர்ல்ட் சீரிஸில் சிகாகோ வைட் சாக்ஸ் குழுவினர் சின்சினாட்டி ரெட்ஸ் குழுவிடம் தோற்றனர். சூதாடிகளிடம் பணம் வாங்கிக்கொண்டு வேண்டுமென்றே தோற்றார்கள் என்பது அடுத்த ஆண்டு அம்பலமாயிற்று. மக்கள் நம்பிக்கை போனால் நுழைவுச்சீட்டு விற்காது. ஒருவரை ஒருவர் நம்பாத முதலாளிகள் ஊரே நம்பும் ஒருவரைத் தேடி ஓடினர். அகப்பட்டவர் கெனெசா மவுண்டன் லாண்டிஸ் என்னும் நீதிபதி. உள்நாட்டுப் போரில் தந்தை காயமுற்ற மலையின் பெயரையே மகனுக்கு வைத்திருந்தார்கள்! 1907-இல் ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனிக்கு 2 கோடியே 92 லட்சம் டாலர் அபராதம் விதித்துப் புகழ் பெற்றவர் அவர். மேல்நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது என்றாலும் புகழ் தங்கிவிட்டது. முழு அதிகாரமும் தந்தால் வருவேன் என்றார், தந்தார்கள். 1920 நவம்பரில் முதல் கமிஷனர் ஆனார்.

1921 ஆகஸ்டில் வழக்கில் நின்ற ஆட்டக்காரர்களை நீதிமன்றம் விடுதலை செய்தது. மறுநாளே லாண்டிஸ் எட்டுப் பேருக்கும் ஆயுள் தடை விதித்தார். அவர்களுள் பக் வீவர் என்பவர் பணம் வாங்கவில்லை. சதியை அறிந்தும் சொல்லாமல் இருந்தார், அவ்வளவே. தம்மை மீண்டும் சேர்த்துக்கொள்ளும்படி திரும்பத் திரும்ப மனுப் போட்டு, பயனின்றி 1956-இல் இறந்தார். 2025 மே மாதத்தில்தான் இப்போதைய கமிஷனர் ராப் மான்ஃபிரெட், ஒருவர் இறப்போடு அவருடைய தடையும் முடிகிறது என்று தீர்ப்பளித்தார். வீவருக்கு அது 69 ஆண்டு தாமதம். ஆயினும் லாண்டிஸின் கடுமையால் ஆட்டம் பிழைத்தது என்பதை எவரும் மறுப்பதற்கில்லை. அடியோடு களையெடுக்கத் தெரிந்த கை அது.

அப்படிப்பட்ட கை, இன்னொரு களையை மட்டும் 24 ஆண்டுகள் தொடவே இல்லை.

அந்நாளில் கறுப்பினத்தவர் எவரும் பெரிய லீக்குகளில் ஆட முடியாது. அவர்கள் தங்களுக்கென்று தனி லீக்குகள் வைத்து, பஸ்ஸிலே ஊர் ஊராகச் சென்று ஆடினர். தங்கும் விடுதியிலும் உணவுச் சாலையிலும் அவர்களுக்கு இடமில்லை. அவர்களுள் ஜோஷ் கிப்சன் என்று ஒருவர். அவர் மட்டையடியைப் பார்த்தவர்கள் வாழ்நாள் முழுதும் பேசிக்கொண்டிருந்தார்கள். கறுப்பின லீக்குகளின் கணக்கை 2024-ஆம் ஆண்டில் பெரிய லீக்கின் அதிகாரபூர்வப் பதிவில் சேர்த்தபோது, வாழ்நாள் அடிச் சராசரியில் எல்லாரையும் முந்தி முதலிடத்தில் நின்றவர் கிப்சன்: 0.372. அதுவரை முதலிடம் வகித்த டை காபின் சராசரி 0.367.

1942-இல் இதைப் பற்றிச் சலசலப்பு எழுந்தபோது லாண்டிஸ் என்ன சொன்னார் தெரியுமா? கறுப்பினத்தவரைச் சேர்க்கக் கூடாது என்று எழுதிய விதியும் இல்லை, எழுதாத விதியும் இல்லை என்று அறிக்கை விட்டார். விதியே இல்லையாம்; ஆனால் ஓர் ஆள்கூட உள்ளே இல்லையாம்! 1943 டிசம்பரில் புகழ்பெற்ற பாடகர் பால் ராப்சன் முதலாளிகளின் கூட்டத்துக்கே வந்து நின்று, கதவைத் திறவுங்கள் என்று பேசினார். கேட்டுக்கொண்டார்கள். கதவு திறக்கவில்லை. மறு ஆண்டு லாண்டிஸ் காலமானார். ஆண்டுதோறும் தலைசிறந்த ஆட்டக்காரருக்குத் தரும் பரிசுப் பலகையில் அவர் பெயரைப் பொறித்துக் கௌரவித்தார்கள்.

இந்த இடத்தில், "அக்காலத்து மனிதரை இக்காலத்துக் கண்ணால் பார்த்துக் குறை சொல்லலாமா?" என்று பெரியோர் கேட்கக்கூடும். நாங்களும் எங்களுக்குள் அதைக் கேட்டுக்கொண்டோம். ஆனால் அக்காலத்து மனிதர்களே அல்லவா அவர் எதிரில் வந்து நின்று கேட்டார்கள்? பத்திரிகைகள் எழுதின, ராப்சன் நேரிலே பேசினார். அவர் அறியாமல் இருந்தார் என்று சொல்ல வழியில்லை. முதலாளிகள் விரும்பவில்லை, ஆகவே இவரும் வாய் திறக்கவில்லை. ஆட்டக்காரர் எட்டுப் பேரை ஒரே நாளில் வெளியேற்றத் துணிந்தவருக்கு, தம்மை அமர்த்திய பதினாறு குழுக்களின் முதலாளிகளிடம் ஒரு சொல் சொல்லத் துணிவு வரவில்லை.

அடுத்து வந்தவர் சாண்ட்லர். கென்டக்கி மாநிலத்தின் கவர்னராகவும் செனட்டராகவும் இருந்தவர். எப்போதும் சிரித்த முகம் ஆதலால் ஹேப்பி சாண்ட்லர் என்றே அழைக்கப்பட்டார். தென்னாட்டு அரசியல்வாதி, இவரும் கதவை அடைத்தே வைப்பார் என்று முதலாளிகளில் சிலர் நம்பியிருந்தால் வியப்பில்லை. புரூக்ளின் டாட்ஜர்ஸ் குழுவை நடத்திய பிராஞ்ச் ரிக்கி, ஜாக்கி ராபின்சன் என்னும் கறுப்பின இளைஞரைச் சேர்க்க முன்வந்தபோது சாண்ட்லர் குறுக்கே நிற்கவில்லை, ஒப்பந்தத்துக்கு இசைவளித்தார். 1947 ஏப்ரல் 15-ஆம் நாள் ராபின்சன் களத்தில் இறங்கினார். அதே ஆண்டு ஜனவரி 20-ஆம் நாள், 35-ஆம் வயதில், ஜோஷ் கிப்சன் இறந்துபோயிருந்தார். மூன்றே மாத இடைவெளி. 1975 வரை அவர் கல்லறைமீது பெயர் பொறித்த ஒரு கல்கூட இல்லை.

சாண்ட்லருக்கு என்ன கிடைத்தது? பதவி நீட்டிப்புக்கு வந்தபோது 16 வாக்குகளில் 12 தேவை. 9 மட்டுமே விழுந்தன. 1951-இல் வீட்டுக்குப் போனார். காரணம் ராபின்சன் மட்டும்தான் என்று சொல்லிவிட முடியாது. முதலாளிகளுக்கு அவர்மீது வேறு மனத்தாங்கல்களும் இருந்தன. அவர் மாசற்ற மனிதரும் அல்லர். 1988-இல், முதிய வயதில், ஒரு கூட்டத்தில் கறுப்பினத்தவரை இழிவாகக் குறிக்கும் சொல்லைப் பயன்படுத்திக் கண்டனத்துக்கு ஆளானார். ஆனாலும் கையெழுத்திட வேண்டிய நாளில் கையெழுத்திட்டார். நீதிபதி செய்யாததை அரசியல்வாதி செய்தார்.

கால்பந்துக்கு வருவோம். 1960-இல் முதலாளிகள் கூடி, 23-ஆவது சுற்று வாக்கெடுப்பில்தான் ஒருவரைத் தேர்ந்தெடுக்க முடிந்தது. அவர் பீட் ரோசெல், வயது 33. வேறு எவரையும் பற்றி உடன்பாடு ஏற்படாததால் கிடைத்த நாற்காலி என்றுகூடச் சொல்லலாம். இவர் செய்த பெருஞ்செயல் டெலிவிஷன் பணத்தைப் பங்கிட்டது. நியூயார்க், சிகாகோ போன்ற பெருநகரக் குழுக்கள் தனித்தனியே விலை பேசினால் கொள்ளைப் பணம் பார்க்கலாம். ரோசெல் அவர்களை உட்கார்த்தி வைத்துப் பேசி, எல்லாரும் சேர்ந்து விற்போம், சமமாகப் பிரித்துக்கொள்வோம் என்று இசைய வைத்தார். அதற்கு இடம் கொடுக்கும் சட்டம் 1961-இல் நிறைவேறியது. 1962-இல் கிடைத்த தொகை ஆண்டுக்கு 46 லட்சத்து 50 ஆயிரம் டாலர்; குழுக்கள் 14. நியூயார்க்குக்கு எவ்வளவோ அவ்வளவே கிரீன் பே என்னும் சிற்றூருக்கும். அந்தக் கிரீன் பே குழுவுக்குத் தனி முதலாளி கிடையாது. ஊர் மக்களே பங்குதாரர்கள். 1967-இல் நடந்த முதல் சூப்பர் பௌலில் வென்றதும் அந்தச் சிற்றூர்தான். வல்லவன் பங்கையும் எளியவன் பங்கையும் சமமாக வைக்கப் பணக்காரர்களையே ஒப்புக்கொள்ள வைத்த இந்தத் திறமை எங்களை மிகவும் கவர்ந்தது. இதனால் முதலாளிகள் அனைவருமே பின்னாளில் கொழுத்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அந்த ரோசெலும் ஒரு நாள் சறுக்கினார். 1963 நவம்பர் 22, வெள்ளிக்கிழமை, குடியரசுத் தலைவர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். நாடே கண்ணீரில் மிதந்தது. போட்டி லீக்காகிய ஏ.எஃப்.எல். தன் ஆட்டங்களை ஒத்திவைத்தது. ரோசெலோ ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களை நடத்தினார். தம் பதவிக்காலத்தில் தாம் மிகவும் வருந்திய முடிவு அதுவே என்று பின்னர் அவரே சொன்னார்.

கூடைப்பந்தில் டேவிட் ஸ்டெர்ன் 1984 முதல் 2014 வரை கமிஷனர். அந்த ஆட்டத்தை உலகெங்கும் கொண்டுசென்றவர் என்று அவரைப் புகழ்வார்கள், பொய்யில்லை. ஆனால் லாஸ் ஏஞ்சல்ஸ் கிளிப்பர்ஸ் குழுவின் முதலாளி டானல்ட் ஸ்டெர்லிங், வாடகை வீடுகள் விஷயத்தில் இனப் பாகுபாடு காட்டியதாக அரசு தொடர்ந்த வழக்கில் 2009-இல் 27 லட்சம் டாலருக்குமேல் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டபோது, லீக் அவரை ஒன்றும் செய்யவில்லை. ஸ்டெர்னுக்குப் பின் வந்த ஆடம் சில்வர் பதவியேற்று மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஸ்டெர்லிங் கறுப்பினத்தவரை இழித்துப் பேசிய ஒலிப்பதிவு வெளியாயிற்று. 2014 ஏப்ரல் 29 அன்று சில்வர் அவருக்கு ஆயுள் தடையும் 25 லட்சம் டாலர் அபராதமும் விதித்தார். படியளப்பவரையே வெளியேற்றிய கமிஷனர்! விளம்பரக் கம்பெனிகள் விலகத் தொடங்கின, ஆட்டக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள், ஆகவே அது அவ்வளவு கடினமான முடிவு அல்ல என்று சொல்வோரும் உண்டு. இருக்கட்டும். எளிதாக வந்த நியாயமும் நியாயம்தானே?

பெண்களாகிய நம் செய்தி எங்கே என்று தோழியர் கேட்பது காதில் விழுகிறது. போர்க்காலத்தில், 1943-இல், சிகாகோ கப்ஸ் குழுவின் முதலாளி ஃபிலிப் ரிக்லி பெண்களுக்கென்று பேஸ்பால் லீக் ஒன்றைத் தொடங்கினார். பாவாடை கட்டிக்கொண்டு மண்ணில் சறுக்கி ஆட வேண்டும், முழங்காலெல்லாம் சிராய்ப்பு. கூடவே நடை உடை நாகரிகப் பயிற்சி வேறு! 1954-இல் அது மூடப்பட்டது. அதற்கிடையே 1952 ஜூனில் ஹாரிஸ்பர்க் நகரின் சிறு லீக் குழு ஒன்று எலினார் எங்கிள் என்னும் பெண்ணை ஒப்பந்தம் செய்தது. அவர் ஓர் ஆட்டம் ஆடுமுன்னே, இனி எந்தக் குழுவும் பெண்ணைச் சேர்க்கலாகாது என்று சிறு லீக்குகளின் தலைவர் ஜார்ஜ் டிரவுட்மன் தடை போட்டுவிட்டார். மறு ஆண்டே, 1953-இல், டோனி ஸ்டோன் என்னும் பெண்ணைத் தங்கள் லீக்கில் ஆண்களோடு ஆட விட்டவர்கள் யார் தெரியுமா? கதவடைப்பின் வலியை அறிந்திருந்த கறுப்பினத்தவர்தாம். கூடைப்பந்தில் பெண்களுக்கான தொழில்முறை லீக் ஒன்று எட்டுக் குழுக்களுடன் 1997-இல் தொடங்கியது. அது ஸ்டெர்னின் கணக்கில் சேர வேண்டிய புண்ணியம். 2019-இல் கேத்தி எங்கெல்பர்ட் அதன் கமிஷனரானார். அந்த லீக்கில் கமிஷனர் என்ற பெயரோடு நாற்காலியில் அமர்ந்தது அதுவே முதல் முறை, அமர்ந்தவர் ஒரு பெண்.

லாண்டிஸின் பெயர் பொறித்த பரிசுப் பலகையை மறந்துவிடவில்லை. 1949-இல் அந்தப் பரிசைப் பெற்றவர்களுள் ஒருவர் யார் என்று பார்த்தால், சாட்சாத் ஜாக்கி ராபின்சன்! தம் இனத்தாருக்குக் கதவு திறக்காதவரின் பெயரை வீட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ள வேண்டிய நிலை. அவருக்குப் பின்னும் எத்தனையோ கறுப்பின வீரர்கள் அதையே கையில் வாங்கினார்கள். 2020-இல்தான், பரிசை வழங்கும் பேஸ்பால் எழுத்தாளர் சங்கத்தார் வாக்கெடுத்து அந்தப் பெயரை நீக்கினர். 76 ஆண்டுகள் இருந்த பெயர். அந்த இடத்தில் ஜோஷ் கிப்சன் பெயரை வைக்க வேண்டும் என்று அவர் குடும்பத்தார் கேட்டார்கள். நம்மிடம் யாரும் வாக்குக் கேட்கப் போவதில்லை. கேட்டால், எங்கள் வகுப்பின் வாக்கு முழுவதும் கிப்சனுக்குத்தான்.